வாய்க்கு முன்னே உள்ளங்கை

அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிட்டால், அன்றைக்கு எங்கள் கதை முடிந்தது என்று அர்த்தம்.

அருமனைச் சந்திப்பில் ரப்பர் ஷீட் எடுக்கிற கடைக்கு மேலே இருந்தது அந்த ஜெர்மன் வகுப்பு. புகையடித்த ஷீட்டின் நெடி படியேறி வந்து புத்தகத்தில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். படிக்க வந்த நாங்கள் அனைவரும் நர்சுகள். பாதிப் பேர் சவுதியும் குவைத்தும் பார்த்துத் திரும்பியவர்கள். பேசும் தேர்வில் தேறிவிட்டால் ஜெர்மனியில் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரி. தேறாவிட்டால் பழையபடி மார்த்தாண்டத்தில் அதே வார்டு. வகுப்பில் நான்தான் மூத்தவள். டீச்சர் என்னைவிடப் பல வயது இளையவள். அந்தத் தைரியத்தில்தான் இங்கே அவள், இவள் என்று எழுதுகிறேன். நேரில் அப்படிச் சொல்ல நாக்கு எழும்பாது. சவுதியில் நெஞ்சு நின்றுபோனவர்களை அமுக்கி எழுப்பியிருக்கிறேன். அப்போதெல்லாம் நடுங்காத கை, இவள் முதுகைப் பார்த்ததும் வியர்த்து நனையும்.

"முகத்தப் பாத்தா முகம் சொல்லுதத நம்பிப் போவேன்" என்பாள் சுவரைப் பார்த்தபடி. "எனக்கு முகம் வேண்டாம். வாக்கியத்துக்க கடைசி மட்டும் போதும். ம், சொல்லுங்க அக்கா."

நான் சொல்வேன்: "டெர் ஆர்ட்ஸ்ட் கொம்ட் ட்ஸுருக்."

டாக்டர் திரும்பி வருகிறார். அவ்வளவுதான் வாக்கியம். அதையே ராகத்தை மாற்றிச் சொன்னால், டாக்டர் திரும்பி வருகிறாரா என்ற கேள்வி. சொற்கள் மாறாது, வரிசை மாறாது. கேட்பதற்கு லேசாக இருக்கிறது அல்லவா? நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு படியேறினோம்.

"எங்க நின்னு கேள்வி கேட்டிய?" என்பாள்.

"கடைசில, டீச்சர்."

"கடைசில என்ன உண்டு?"

"க்."

"க்-ன்னா நிக்கணும்லா? நீங்க ட்ஸுருக்கூஊ-ன்னு ஒரு வால ஒட்டவெச்சு, அந்த வாலத் தூக்கிக் காட்டுதிய. நம்ம பேச்சுல எல்லாச் சொல்லும் 'உ'லயோ 'ம்'லயோ போய் முடியும். ராகத்துக்கு உக்கார ஒரு பலகை உண்டு. அங்க பலகை கெடையாது. வால வெட்டிக் களையணும். ஆனா ராகம் சாகப்படாது."

வாலை வெட்டினால் ராகமும் கூடவே செத்துப் போகும். எங்களுக்கு அதுதான் பாடு. ஏற்கெனவே நம் பக்கத்துப் பேச்சைக் கேட்டுப் பாட்டுப் பாடுகிறோமா என்று மதுரைக்காரர்கள் சிரிப்பார்கள். பாடிப் பழகிய வாய்க்கு, பாட்டை நடுவில் அறுத்துவிட்டு மிச்சத்தை மூச்சில் பாடு என்றால் எப்படி வரும்?

அவள் அதை விளக்கும்போது மட்டும் எங்கள் பக்கம் திரும்பி உட்காருவாள். ம், ன், ல் எல்லாம் குரலை விடாத எழுத்துகள். ராகம் அவற்றின்மேல் ஏறிப் போய்க்கொண்டே இருக்கும். ட், க், ஸ், ஃப் வந்தால் தொண்டையில் குரல் அறுந்துவிடும். விரலைத் தொண்டையில் வைத்துப் பார்த்தால் அதிர்வு நிற்பது தெரியும். ஆனாலும் கேட்பவர் காதில் ராகம் அறுவதில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் காட்டுவாள்: அந்தா, ரப்பர் மரங்களுக்குப் பின்னால் பஸ் போகிறது, மரம் மறைக்கிற இடத்தில் பஸ் நின்றுவிட்டது என்றா நினைக்கிறீர்கள்? கண்ணே சேர்த்துக்கொள்கிறது அல்லவா, காதும் அப்படித்தான். ஆனால் வாக்கியத்தின் கடைசி எழுத்தே 'க்' ஆக இருந்தால், அதற்குப் பிறகு பஸ் வெளியே வருவதற்கு இடமில்லை. அங்கே மூச்சுதான் மிச்சத்தைச் சுமக்க வேண்டும். கேள்வி என்றால் அந்த மூச்சு ஒடுங்கிக் கூர்மையாக மேலே போகும். சும்மா சொல்வதென்றால் அகலமாகக் கீழே இறங்கும்.

"உள்ளங்கைய வாய்க்கு முன்ன வைய்யுங்க" என்பாள். நாங்கள் எல்லாரும் கையை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு க், க் என்று ஊதுவோம். கீழே ஷீட் எண்ணுகிறவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரிப்பார்கள். எங்களுக்குச் சிரிப்பு வராது.

சரியாகச் சொன்னால் பாராட்டமாட்டாள். நாற்காலியின் கட்டையில் விரலால் ஒரு தட்டுத் தட்டுவாள், டக் என்று. அந்தச் சத்தத்துக்காக ஏங்கிப்போய்க் கிடந்தோம். என்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் அது கிடைத்தது. எனக்குக் கிடைக்கவே இல்லை.

"அக்கா, உங்களுக்கு வாய் செரியாத்தான் போவுது" என்று ஒரு நாள் சொன்னாள். "கடைசில பேடி வந்து உக்காருது. எல்லாத்தயும் கேள்வியா மாத்திப்போடுது." பேடி என்றால் எங்கள் ஊரில் பயம்.

இந்த டாக்டர் வாக்கியத்தை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். அவள் ஜெர்மனியில் சில வருடங்கள் வார்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவள். ஏன் திரும்பினாள் என்பதை ஒரே ஒரு தடவை, டீ குடிக்கும்போது, போகிற போக்கில் சொன்னாள். மூச்சுத் திணறுகிற ஒரு கிழவரை வைத்துக்கொண்டு, டாக்டர் திரும்பி வருகிறாரா என்று போனில் கேட்டாளாம். கேள்வி அவள் வாயிலிருந்து கேள்வியாகப் போகவில்லை. வருகிறார் என்று தகவல் சொல்வதாக நினைத்து, சரி என்று போனை வைத்துவிட்டார்கள். "நான் கேட்டேன்னு நெனச்சுட்டு காத்துட்டு நின்னேன். அவரு முகம் நீலமா வருது. அந்தப் பக்கம் யாரும் வரல்ல." இன்னொரு நர்ஸ் ஓடிவந்து ஆளைக் காப்பாற்றிவிட்டாள். கிழவர் பிழைத்துவிட்டார். ஆனால் இவளுக்கு அதன்பிறகு போன் மணி அடித்தாலே கைகால் உதறுமாம். டீ கிளாசைக் கழுவி வைத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டாள்.

அவளிடம் பொய் சொல்ல முடியாது என்பது அந்த வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். அவள் பொய் சொல்லுவாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் வீடு குளச்சலில், துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரத்தில் மீன் வாங்கப் போனவள், சும்மா எட்டிப் பார்க்கலாம் என்று நுழைந்தேன். கடல் மோசமாக இருந்தது. போன படகெல்லாம் திரும்பிக்கொண்டிருந்தன. அவள் தம்பி போன விசைப்படகு மட்டும் இன்னும் வரவில்லை. அம்மா ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டிருந்தார். அப்போது போன் அடித்தது. தம்பிதான். சிக்னல் விட்டுவிட்டு வந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் கேட்டது.

"கரை தெரியுது. வந்துருவேன். அம்மைக்கிட்ட சொல்லு" என்றான். அதோடு அறுந்துவிட்டது.

"என்னட்டி சொன்னான்?" என்று அம்மா ஓடிவந்தார்.

"வந்துருவான் அம்மா. கரை தெரியுதாம். சோறப் போடுங்க, அக்கா வந்திருக்கினும்லா."

அம்மா சிலுவை போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனார். எனக்கும் உயிர் வந்தது. இவள் கை கழுவப் போகிறவள் மாதிரி பின்பக்கம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். துணி துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எஞ்சின் சத்தமே இல்ல அக்கா" என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டே. "'சொல்லு'ன்னு நிறுத்தினான் பாத்தியளா, மூச்சு மேல போவுது. அவன் பேடிச்சுட்டு இருக்கான்."

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், எனக்கு மீன் குழம்பு ஊற்றினாள். அம்மாவிடம் கொஞ்சம் உப்புக் குறைவு என்று கேலி செய்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் தம்பி வந்து சேர்ந்தான். எஞ்சின் நின்றுபோன படகை வேறொரு படகு கட்டி இழுத்து வந்திருந்தது. எல்லாம் நல்லபடி முடிந்தது. ஆனாலும் அவள் அம்மாவிடம் சொன்ன அந்த 'வந்துருவான்' என் காதை விட்டுப் போகவில்லை. அதில் ஒரு துளி நடுக்கம் கிடையாது. வாந்தி எடுத்ததைப் பார்த்தபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச காலத்தில்தான் அது என் கண்ணில் பட்டது. வகுப்பு நடுவில் தலையை அண்ணாந்து தண்ணீர் குடித்தாள். அவள் விழுங்கும்போது கழுத்தில் ஒரு பக்கம் ஏதோ எழும்பி இறங்கியது. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் நர்சுகள்தான், ஆனால் அவரவருக்கு அவரவர் 'க்' கவலை. நான் மட்டும் பார்த்தேன்.

எல்லாரும் இறங்கிப் போனபிறகு மெதுவாகப் பக்கத்தில் போனேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ நோயாளிகளிடம் பேசிப் பேசிப் பழகிய குரலை எடுத்துக்கொண்டு, "டீச்சர், கழுத்துல சின்னதா ஒரு வீக்கம் மாதிரி. ஒண்ணும் இருக்காது. சும்மா ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துருங்க" என்றேன்.

அவள் கை நின்றுவிட்டது.

"ஒண்ணும் இருக்காதுன்னு சொன்னியளே" என்றாள், திரும்பாமலே. "அதுல எனக்கு வல்லாத்த பேடி கேக்குது அக்கா."

தைராய்டில் கட்டி. நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே அழைத்துப் போனேன். ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்துவிட்டு, பாதிச் சுரப்பியை எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். நல்ல மனிதர், எதையும் மறைக்காமல் சொல்லுகிறவர். குரலுக்குப் போகிற நரம்பு அந்தச் சுரப்பிக்குப் பின்னாலேயே போகிறது, கட்டி அதன்மேல் படிந்து கிடக்கிறது, ஆனமட்டும் காப்பாற்றிப் பார்க்கிறேன், இருந்தாலும் குரல் கொஞ்ச நாள் போகலாம் என்றார்.

"போனா திரும்ப வருமா டாக்டர்?"

"பெரும்பாலும் வரும்மா."

வராந்தாவில் நடக்கும்போது என் கையைப் பிடித்தாள். அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல்தடவை. விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. "அம்மைக்கிட்ட கட்டின்னு மட்டும் சொல்லுங்க. குரலப் பத்தி மிண்டாண்டாம்" என்றாள்.

தலையாட்டினேன். குரல் போனால் அவளுக்கு என்ன மிச்சம் என்றுதான் மனம் ஓடிக்கொண்டிருந்தது. வார்டு வேலைக்கு அவள் இனிப் போகமாட்டாள். அந்த மாடி அறைதான் அவளுக்கு உலகம். 'இது கேள்வி, இது பதில்' என்று அவள் சொல்லிக் காட்டினால்தானே நாங்கள் திருப்பிச் சொல்ல முடியும். தொண்டை இல்லாதவள் எதைச் சொல்லிக் காட்டுவாள்? அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் சரியில்லை.

அறுவை சிகிச்சை காலையில் நடந்தது. மத்தியானம் கழிந்து வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு அந்த வார்டில் எனக்கு டியூட்டி.

தைராய்டு ஆபரேஷன் முடிந்து வந்தவர்களிடம் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கட்டில் பக்கம் போகும்போதெல்லாம் அவர்களைப் பேசவைக்க வேண்டும். பேர் என்ன, எந்த ஊர், என்ன சாப்பிட ஆசை, எதையாவது கேட்போம். பதில் எங்களுக்கு முக்கியமில்லை. குரல் எப்படி வருகிறது என்று கேட்பதற்காகத்தான். எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன், கேட்டுக்கொண்டே ட்ரிப்பைச் சரிசெய்துவிட்டுப் போயிருக்கிறேன். அன்றைக்குப் பக்கத்துக் கட்டில்களை முடித்துவிட்டுத்தான் அந்தக் கட்டிலுக்குப் போனேன்.

கழுத்தில் கட்டு. பக்கத்தில் ரத்தநீர் வடிவதற்கான குழாய். கண் திறந்து என்னைப் பார்த்தாள். மூச்சு சீராக இருந்தது. அதைப் பார்த்துக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"டீச்சர், ஏதாவது பேசுங்க" என்றேன்.

உதடு அசைந்தது. வெறும் காற்று வந்தது.

மறுபடி முயன்றாள். காற்றுதான். அவள் கை மெதுவாக எழும்பிக் கட்டுக்கு மேலே, தொண்டையில் போய் நின்றது. எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பாளே, அதே மாதிரி இரண்டு விரலை வைத்து, அதிர்கிறதா என்று பார்த்தாள். ஆ என்று வாயைத் திறந்தாள். விரல் அப்படியே இருந்தது. அவள் கண்ணில் அது புரிந்த நேரத்தை நான் பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்கு வார்டை விட்டு ஓடிவிட வேண்டும்போல் இருந்தது.

பிறகு அவள் அந்தக் காற்றிலேயே சொன்னாள்:

"டி ஷ்டிம்ம கொம்ட் ட்ஸுருக்."

குரல் திரும்பி வரும். டாக்டரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் குரலை வைத்திருந்தாள். குரலே இல்லாமல் சொன்ன வாக்கியம் அது; ராகம் ஏறுவதற்கு அதில் எதுவும் இல்லை. அது பதிலா, கேள்வியா என்று எனக்குத் தெரிய வழியே கிடையாது. ஆனால் கடைசி 'க்' ஒடுங்கி, கூர்மையாக, மேலே போனது. அவள் கேட்கிறாள். கேட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள், வகுப்பில் நாற்காலியைத் திருப்புவதுபோல.

நான் அதே வாக்கியத்தைப் பதிலாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. எல்லாம் சரியாயிரும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! ஆனால் அவர்கள் யாரும் கடைசி எழுத்தைக் கேட்கிறவர்கள் இல்லை.

"டி ஷ்டிம்ம கொம்ட் ட்ஸுருக்" என்றேன்.

'க்' தன்பாட்டுக்கு மேலே ஏறிவிட்டது. என் காதுக்கே கேட்டது. அவளுக்குக் கேட்காமல் இருக்குமா? கேள்விக்குப் பதிலாக நானும் ஒரு கேள்வியைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்துவிட்டு நின்றேன். கண் நிறைந்துவிட்டது.

ட்ரிப் ஊசி ஏற்றிய அவள் கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்து, என் கையைத் தேடிப் பிடித்தது. விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, உள்ளங்கையைத் தன் வாய்க்கு முன்னே கொண்டுபோய் வைத்தாள். மறுபடி சொன்னாள், மெதுவாக. ஷ் என் கைமேல் பரவியது. ட் சின்னதாகக் குத்தியது. கடைசியில் 'க்' வந்தது, அகலமாக, சூடாக. கீழே இறங்கி நின்றது.

அப்போது வாசல் திரையை விலக்கிக்கொண்டு அவள் அம்மா எட்டிப் பார்த்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்போல. முகம் வெளுத்துக் கிடந்தது.

"எனக்க பிள்ளை மிண்டினாளா சிஸ்டர்? குரலு போயிரும்னு வெளிய சொல்லுதினும். திரும்ப வருமா?"

வரும், மழைக்காலம் முழுக்க எங்களைக் காத்திருக்க வைத்துவிட்டுக் கரகரவென்று பாதிதான் வரும், மாடி வகுப்பில் பிள்ளைகள் நாற்காலியை அவள் பக்கத்தில் நெருக்கிப் போட்டுக்கொண்டு படிப்பார்கள் என்பதெல்லாம் அந்த அறையில் அப்போது யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் உள்ளங்கையில் இன்னும் ஆறாமல் இருந்த அந்தச் சூடு மட்டும்தான்.

"மிண்டினா அம்மா" என்றேன். "குரல் வந்துரும். நீங்க பேடிக்காண்டாம்."

அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். எனக்குப் பின்னால், கட்டில் கம்பியில் ஒரு விரல் தட்டுகிற சத்தம் கேட்டது. டக் என்று, ஒரே ஒரு தடவை.